இடப்பக்கப் பூட்டைத் திறந்த தேச்சம்மா

மூடின சாமான் எதையும் தேச்சம்மாவிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் அலாரம் கடிகாரத்தைப் பிரித்து மேய்ந்தவள் அவள். திரும்பப் பூட்டியபோது ஒரு சக்கரம் மிஞ்சிப்போனது, ஆனாலும் கடிகாரம் ஓடியது. அப்படியானால் இந்தச் சக்கரம் எதற்கு இருந்தது என்று கண்டுபிடிக்கிறவரை அவளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாபோக்லு பக்கம் சுபேதார் மாச்சய்யாவின் மூத்த மகன் கரும்பய்யாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. காபிப் பழம் தோலுரிக்கிற மெஷின், தையல் மெஷின், பத்தாயத்துப் பூட்டு, அக்கம்பக்கத்து வீட்டுப் பம்ப் ஸ்டவ் எல்லாம் அவள் கையில் ஒருமுறையாவது வாயைப் பிளந்திருக்கின்றன. மருமகள் சமைப்பதைவிடக் கழற்றுவதுதான் அதிகம் என்று மாச்சய்யா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். குறையாக இல்லை, பெருமையாகத்தான்.

அந்த வீட்டில் அவள் திறந்து பார்க்காத சாமான் ஒன்றே ஒன்று, பூஜை அறையில் தொங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி. பெண்கள் தொடக்கூடாது என்றெல்லாம் இல்லை, எங்கள் குடகில் பெண்களும்தான் சுடுகிறார்கள். ஆனால் மாச்சய்யா இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவதும் துடைப்பதும் அவர் கையால்தான் நடக்க வேண்டும். அதிலும் இடது குழல் அவருடைய செல்லம். அதன் விசை அவ்வளவு லேசு, விரலை வைத்து நினைத்தாலே போதும் என்பார். ஆயுதங்களுக்குப் பூஜை போடும் கைல்போது பண்டிகையில் மரத்து உச்சியில் தேங்காயைக் கட்டி வைத்துச் சுடும் போட்டியில் அந்த இடது குழலால்தான் அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஜெயித்தார். ஊர் இன்னும் அதைப் பேசும்.

எழுபத்துமூன்றாம் வருஷம், எங்கள் ஊர் ஆடியான கக்கடை மாதத்துக் கொட்டுகிற மழையில் தேச்சம்மாவுக்கு வலி எடுத்தது. இரண்டு நாள் அவதிப்பட்டாள். பிழைப்பாளா என்றுகூட ஊரில் பேச்சு வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை ஆண் பிள்ளை பிறந்தது, கத்தின கத்தலில் கூரையில் இருந்த புறா எழும்பியது. கரும்பய்யா எல்லையில் எங்கேயோ பட்டாளத்தில் இருந்தான். ஆகவே வெடி போடும் வேலை தம்பி பூவய்யாவுக்கு வந்தது.

ஆண் பிள்ளை பிறந்தால் ஒரு வெடி, யாராவது செத்தால் அடுத்தடுத்து இரண்டு. எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, காது தானாகக் கற்றுக்கொள்ளும். பெண் பிறந்தால் வெடியே கிடையாது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, இப்போது வேண்டாம்.

பூவய்யாவுக்கு அப்போது இருபத்துநாலு வயது. அம்மத்தியில் பெண் பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. சிரித்த முகம், சட்டென்று கண் கலங்குகிற சுபாவம், அண்ணி என்றால் உயிர். மழைக்காலத்தில் தோட்டா நமுத்துப்போய் வெடிக்காமல் இருந்துவிட்டால் பிள்ளை பிறந்த வீட்டுக்கு அவமானம் என்று எல்லோரும் செய்கிற மாதிரி அவனும் இரண்டு குழலிலும் தோட்டா போட்டான், ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று இருக்கட்டும் என்று. முற்றத்துக்கு இறங்கினான். குழலை வானத்துக்கு நீட்டி வலது விசையை இழுத்தான். நன்றாகவே வெடித்தது. சிரித்துக்கொண்டே துப்பாக்கியை இறக்கினான், அதன் அடிக்கட்டை படிக்கல்லில் பட்டது. இரண்டாவது குழலும் வெடித்தது.

கட்டிலில் கிடந்த தேச்சம்மா இரண்டையும் கேட்டாள். முதல் வெடிக்குச் சிரித்தவள் இரண்டாவதற்குப் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் இன்றைக்குச் சிரிப்பு வரும், அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அரை மணிக்குள் ஊரே சாவு வீட்டுக்கென்று வெள்ளை உடுத்திக்கொண்டு வந்துவிட்டது. ஆண்கள் சிதைக்கு விறகு வெட்டக் கோடரியோடு வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துச் சின்னவ்வா தலையில் முக்காடும் வாயில் ஒப்பாரியுமாக வாசலிலிருந்தே அழுதுகொண்டு வந்தவள், கட்டிலில் உட்கார்ந்து மிளகுச் சாறு குடித்துக்கொண்டிருந்த தேச்சம்மாவைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அடி பாவி, உயிரோடதான் இருக்கியா," என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் நிஜமாக உட்கார்ந்து அழுதாள்.

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தேச்சம்மாவின் அப்பாவுக்கும் இரண்டு வெடியும் கேட்டிருக்கிறது. மகள் இரண்டு நாளாக வலியில் கிடப்பது தெரிந்த மனுஷன். வேறு என்ன நினைப்பார்? பெருகி ஓடுகிற ஓடையில் இறங்கி, இரண்டு தடவை விழுந்து, மலையைச் சுற்றி நாலு மணி நேரம் நடந்து வந்து சேர்ந்தார். பேரனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வந்து போர்வைக்குள் கையை விட்டு மகளின் பாதத்தைப் பிடித்தார். சூடா இருக்கு, சூடா இருக்கு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தேச்சம்மாவுக்கு அந்தப் பிடி சாகிறவரை மறக்காது.

பூவய்யா எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னான். ஒரு விசைதான் இழுத்தேன், இறக்கி வைத்தேன், அதுவாக வெடித்தது. மாச்சய்யா பக்கத்தில் போய் அவன் வாயை முகர்ந்தார். அண்ணன் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் ஒரு பெக் ரம் போட்டிருந்தான். அதோடு தீர்ப்பு முடிந்தது.

"விசையை இழுக்காம துப்பாக்கி வெடிக்காது. பொய் வேற சொல்றியா?" என்றார் மாச்சய்யா.

கைல்போதுக்குள் அம்மத்தியிலிருந்து ஆள் வந்துவிட்டது. பச்சைப் பிள்ளையின் தலைக்கு மேல் சாவு வெடி போட்டவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனார்கள். ஊர்க்காரர்களின் நாக்கு சும்மா இருக்குமா? ரெட்டைவெடி என்று பெயர் வைத்தார்கள். கைல்போது அன்று பூஜை முடிந்ததும் வீட்டுப் பெரியவர் துப்பாக்கியை எடுத்து ஆண்பிள்ளைகள் கையில் வரிசையாகக் கொடுத்து வாழ்த்த வேண்டும். அந்த வருஷம் மாச்சய்யா பூவய்யாவைத் தாண்டிப் போனார். அடுத்த வருஷமும் தாண்டினார். அந்தத் துப்பாக்கியை அதற்குப் பிறகு யாரும் சுடவில்லை, பூஜைக்கு மட்டும் இறக்குவார்கள். நல்லது கெட்டதுக்கு வெடி போட வேண்டுமானால் சின்னவ்வா வீட்டுத் துப்பாக்கி வந்தது.

பூவய்யா காபி காயப்போடும் களத்தை ஒட்டிய அறைக்குக் குடிபோனான். அன்றையிலிருந்து புது நெல் அறுக்கும் புத்தரிப் பண்டிகைக்குக்கூட ஒரு சொட்டு குடித்ததில்லை. அண்ணன் பிள்ளையைத் தூக்கு என்று தேச்சம்மா நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். என் கை ஆகாத கை அண்ணி என்பான். முதல் வருஷம் கேட்டவன் கேட்காதவன் எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லித் தீர்த்தான். இரண்டாம் வருஷம் குறைந்தது. அப்புறம் யாராவது ரெட்டைவெடி என்றால் அவனும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் தேச்சம்மாவால் தாங்க முடியவில்லை.

அவள் ஒருத்திதான் அவனை நம்பினாள் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை. நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதைச் சொல்வது என்பது அவள் கட்சி. விசையை இழுத்தால் ஏன் வெடிக்கிறது? நடுவில் என்ன நடக்கிறது? கணவனுக்குக் கடிதத்தில் எழுதிக் கேட்டாள். ஊர்க்கதையை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்துக்கொள் என்று பதில் வந்தது. பட்டாளத்துக்காரனுக்கே உள்ளே இருப்பது தெரியாது போல என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தாயத்துப் பூட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு யோசிப்பாள். அழுத்திச் சுருட்டின ஸ்பிரிங் ஒன்று எப்போதும் பாய்வதற்குத் தயாராக இருக்கிறது. அதை ஏதோ ஒரு சின்னப் பல் பிடித்து வைத்திருக்கிறது. சாவி அந்தப் பல்லை விலக்குகிறது, அவ்வளவுதான். துப்பாக்கியிலும் அப்படி ஒரு பல் இருக்க வேண்டும். பல் என்றால் தேயும். இதை யாரிடம் போய்ச் சொல்ல? பூஜை அறையில் இருக்கிற சாமானைக் கழற்றுகிறேன் என்று மாமனாரிடம் கேட்கவா முடியும்? பதினோரு வருஷம் அந்தக் கேள்வி வயிற்றில் கல்லாகக் கிடந்தது.

எண்பத்துநாலில் மாச்சய்யாவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. மழை முடிந்ததும் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கரும்பய்யா இன்னும் பட்டாளத்தில்தான் இருந்தான். கைல்போதுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் துப்பாக்கியைத் தடவித் தடவி இறக்கி மருமகளைக் கூப்பிட்டார்.

"தேச்சு, இந்த வருஷம் நீ தொடச்சிடும்மா. கொழல மட்டும் தொடை. விசைக்கு மேல பக்கவாட்டுல இருக்கிற தகட்டைத் தெறக்காதே," என்றார்.

யாரிடம் சொல்கிறார் பாருங்கள்.

அன்று மத்தியானம் அவள் தையல் மெஷினோடு வந்த திருப்புளியைத் துவைக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்து மெலிசாக்கினாள், திருகாணியில் கீறல் விழாமல் இருக்க. கதவைச் சாத்திக்கொண்டு, குழலில் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, முதலில் வலப்பக்கத் தகட்டைக் கழற்றினாள். தகட்டோடு, துப்பாக்கிப் பூட்டு என்கிற உள் இயந்திரம் முழுவதும் பெயர்ந்து கைக்கு வந்தது. இவ்வளவு அழகான சாமானை இத்தனை வருஷம் மூடியா வைத்திருந்தார்கள் என்று அவளுக்குக் கோபமே வந்தது.

மடித்த ஸ்பிரிங், அது தள்ளுகிற சுத்தியல், சுத்தியலில் அரிசி அகலத்துக்கு ஒரு காடி வெட்டு. அந்தக் காடிக்குள் ஒரு இரும்பு நாக்கின் நுனி வந்து உட்காரும். விசையை இழுத்தால் நாக்கு விலகும், சுத்தியல் பாய்ந்து தோட்டாவின் முதுகில் அடிக்கும். ஒரு மனுஷனின் மானம் அரிசி அகலக் காடியில் இருந்திருக்கிறது. அவள் நினைத்த மாதிரியேதான் எல்லாம் இருந்தது, அந்தச் சந்தோஷத்தில் கொஞ்ச நேரம் பூவய்யாவையே மறந்துவிட்டாள்.

அப்புறம் இடப்பக்கப் பூட்டைத் திறந்தாள். அதிலும் அதே ஸ்பிரிங், அதே சுத்தியல். காடி மட்டும் வேறாக இருந்தது. வலது காடி ஆழமாக, கூர்மையாக இருந்தது. இடது காடியில் ஆழமே இல்லை, நாக்கின் நுனி அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. நாற்காலி நுனியில் உட்கார்ந்த விருந்தாளி மாதிரி, எப்போது எழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தேய்ந்த இரும்பு வழுவழுவென்று இருக்கும். இதில் குறுக்கே மெல்லிய கோடுகள் சீராக ஓடின. அரம் போட்ட கோடுகள்.

விசை லேசாக இருக்க வேண்டும் என்று யாரோ வேண்டுமென்றே அரம் போட்டுக் காடியைக் குறைத்திருக்கிறார்கள். இந்தத் துப்பாக்கியில் யாருக்கு லேசான விசை வேண்டியிருந்தது என்பது தெரியாதவர்கள் ஊரிலேயே கிடையாது. தேங்காய்ப் போட்டிக்கு முன்னால் மாமனார் துப்பாக்கியை மைசூருக்குக் கொண்டுபோய் வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. சந்தோஷம் எல்லாம் இறங்கிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

மாச்சய்யா கெட்டவர் இல்லை. அவளைப் பெற்ற மகளைப் போல வைத்திருந்தார். அவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். எழுபத்தைந்து வயதில், கண்ணும் போன நேரத்தில், உன் மகன் வாழ்க்கையைக் கெடுத்தது நீதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பூவய்யாவுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. இனிமேல் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றும் ஒரு மனசு சொன்னது. அவள் பூட்டுகளைத் திரும்பப் பொருத்தினாள். சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டா இரண்டைக் குழலில் போட்டுச் சோதித்துப் பார்த்தாள். வலது விசையை இழுத்துவிட்டு, கையை விசைப் பக்கமே கொண்டுபோகாமல், கட்டையைப் படிக்கல்லில் லேசாகத் தட்டினாள். ஒன்றும் இல்லை. பத்துத் தடவை தட்டியதில் மூன்று தடவை இடது சுத்தியல் தானாக விழுந்தது. மீதி ஏழு தடவை நல்ல பிள்ளையாக இருந்தது.

சாயங்காலம் சோறு எடுத்துக்கொண்டு காபிக் களத்துக்குப் போனாள். பூவய்யா வாசலில் உட்கார்ந்து கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. வழியில் போன யாரோ என்ன ரெட்டைவெடி, கைல்போதுக்குத் தயாரா என்று கேட்டுவிட்டுப் போனான், இவனும் பல்லைக் காட்டிச் சிரித்தான். தேச்சம்மா பாத்திரத்தை வைத்துவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்குத் திரும்பினாள்.

மறுநாள் காலை மாமனாரைக் கையைப் பிடித்து முற்றத்துப் படிக்கு அழைத்துவந்து உட்காரவைத்தாள். தகட்டைத் திறந்தேன் மாமா என்று முதலில் அதைச் சொன்னாள். அவர் முகம் இறுகியது. திட்டுவதற்கு முன்னால் துப்பாக்கியை அவர் மடியில் வைத்தாள். உள்ளே வெற்றுத் தோட்டாதான் இருக்கிறது, நீங்களே விரலால் பாருங்கள், வலதை இழுத்துவிட்டுக் கல்லில் தட்டுங்கள் என்றாள். கிழவர் குழலை மடக்கித் தோட்டாவின் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மூடினார். வலதை இழுத்தார். விரலை எடுத்துக் கையை விரித்து வெளியே நீட்டிக்கொண்டு, இன்னொரு கையால் கட்டையைக் கல்லில் தட்டினார். சத்தம் இல்லை. இன்னொரு தடவை தட்டினார். அப்போதும் இல்லை.

"பாத்தியா? எழவுத் துப்பாக்கி தானா வெடிக்கிறதாம்," என்று எழுந்திருக்கப் போனார்.

"இன்னும் ஒரே தடவை மாமா," என்றாள் தேச்சம்மா.

அவர் சலித்துக்கொண்டே தட்டினார். டக் என்றது.

கண் தெரியாதவர்களுக்குக் காது பொய் சொல்லாது. மாச்சய்யா விரித்த விரல்களை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, தெரியாத கண்ணால் பார்த்தார். விரல்கள் ஐந்தும் காற்றில்தான் இருந்தன. பிறகு பூட்டைக் கழற்றிக் கையில் கொடு என்றார். வலப்பக்கக் காடியில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். இடப்பக்கக் காடியில் ஓட்டினார். நகம் அரக்கோட்டில் ஏறி இறங்கியது. அவர் நிறுத்தவே இல்லை, ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"இதுல அரம் போடச் சொன்னது யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"எப்போலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

"தெரிஞ்சும் எங்கிட்டயே எடுத்துட்டு வந்தியா?"

"வேற யார்கிட்ட மாமா எடுத்துட்டுப் போவேன்?"

கிழவர் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். தேச்சம்மா அந்த மனுஷன் அழுது பார்த்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

கைல்போது அன்று துப்பாக்கிக்குச் செங்காந்தள் பூ சூட்டி, பூஜை முடித்து, பன்றிக் குழம்பும் அரிசி உருண்டைக் கடம்புட்டும் உண்டு, ஊர் முழுவதும் மைதானத்தில் கூடியது. பூஜை அறையில் கொடுக்க வேண்டிய துப்பாக்கியை மாச்சய்யா அங்கே யாருக்கும் கொடுக்காமல் மைதானத்துக்கு எடுத்துவரச் சொல்லியிருந்தார். மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டு தேங்காய் கட்டிய மரத்தடிக்கு வந்து நின்றார். பூவய்யா வழக்கம் போல ஓரமாக, மாடு கட்டுகிற இடத்தில் நின்றிருந்தான். கிழவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ரெட்டைவெடியையா என்று யாரோ சிரித்தார்கள். கிழவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. பூவய்யா தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

துப்பாக்கியைக் கொடுக்கும்போது பெரியவர் சொல்லும் வழக்கமான வாழ்த்து ஒன்று உண்டு. மாச்சய்யா அதைச் சொல்லவில்லை. பட்டாளத்தில் உத்தரவு கொடுக்கிற அதே குரலில் ஊருக்குச் சொன்னார்.

"என் மகன் அன்னைக்கு ஒரு வெசைதான் இழுத்தான். ரெண்டாவது வெடி என்னுது. தேங்கா அடிக்கணும்னு ஆசைப்பட்டு அரம் போட வச்சேன். அந்தக் கோளாறுதான் வெடிச்சுது. என் மருமக தெறந்து பாத்து எனக்குக் காட்டினா. ஊர் என்ன பேசணுமோ இனிமே என்னைப் பேசட்டும்."

சின்னவ்வா முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, பதினோரு வருஷமாச்சே, பதினோரு வருஷமாச்சே என்று தனக்குள் சொன்னாள். மாச்சய்யா துப்பாக்கியை நீட்டினார். பூவய்யா வாங்கவில்லை. சந்தோஷப்படுவான் என்றுதான் தேச்சம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் வலது கை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லப்பா, நான்தான் இழுத்தேன்," என்றான் மெதுவாக. "ரெண்டாவதையும் இழுத்தது எனக்கு ஞாபகம் இருக்கே. விரல் பட்டதுகூட ஞாபகம் இருக்கு."

"இல்லடா," என்றார் மாச்சய்யா.

"எல்லாரும் சொன்னீங்களே அப்பா. மொதல்ல ஞாபகம் இல்ல. அப்பறம் வந்துடுச்சு."

மாச்சய்யா துப்பாக்கியை மருமகளிடம் கொடுத்துவிட்டு, கையைக் காற்றில் துழாவி மகனின் கையைக் கண்டுபிடித்தார். அவன் சுட்டுவிரலை மட்டும் தனியாகப் பிரித்துத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். இது இழுக்கலடா, இது ஒன்னும் செய்யலடா என்று சின்னப் பிள்ளையிடம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். தேங்காய்ப் போட்டிக்கு நேரமாகிவிட்டது, யாரும் அவசரப்படுத்தவில்லை. பூவய்யா சரி என்று தலையாட்டுகிறவரை அவர் விரலை விடவில்லை.